காய் நறுக்க ஒரு நகிரி: வாங்குவதிலிருந்து சாணை பிடிப்பது வரை

பருப்பு உசிலிக்குப் பீன்ஸ் நறுக்கிப் பார்த்தால்தான் ஒரு கத்தியின் யோக்கியதை தெரியும். கால் கிலோ பீன்ஸ், பத்துப் பத்தாக வரிசை சேர்த்து, பருப்போடு உதிர்ந்து கலக்கிற அளவுக்குப் பொடியாக. வீட்டில் கிடக்கிற சாதாரண ஸ்டீல் கத்தியில் செய்தால் முக்கால்வாசி அறுபடும், அடித்தோல் மட்டும் அறுபடாமல் ஏழெட்டுத் துண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தோரணம் மாதிரி தூக்கிக்கொண்டு வரும், அப்புறம் உட்கார்ந்து கையால் பிய்க்க வேண்டும். நான் பல வருஷம் அப்படித்தான் பிய்த்துக்கொண்டிருந்தேன். நகிரி என்கிற ஜப்பானியக் காய்க்கத்தி வந்த பிறகு அந்த வேலை நின்றது.

நகிரியைப் பற்றிக் கேள்விப்பட்டு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், வாங்கிவிட்டுப் பயத்தில் டிராயரிலேயே போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சமையல் தொழில் செய்கிறவன் இல்லை. திருவான்மியூரில் ஒரு ஃபிளாட்டில் தினமும் இரண்டு வேளைக்குக் காய் நறுக்குகிற ஆள், அவ்வளவுதான்.

நகிரி என்றால் என்ன

ஜப்பானிய மொழியில் 'ந' என்றால் கீரை, காய்வகை. 'கிரி' என்றால் வெட்டுவது. காய்வெட்டி, அவ்வளவுதான் பெயர். (தமிழ்க் காதுக்கு 'நகம் அரி' என்று கேட்பது தற்செயல். ஆனால் கவனிக்காவிட்டால் அதையும் செய்யும்.) செவ்வகமான அலகு, குத்துகிற மாதிரி கூர்முனை கிடையாது. நீளம் பெரும்பாலும் 165 மி.மீ., அதாவது ஆறரை இஞ்ச். உயரம் 5 செ.மீ. சுமார், முதுகுப்பக்கம் 2 மி.மீ. கனம் இருந்தால் அதிகம். வெட்டும் ஓரம் ஏறக்குறைய ஒரே நேர்கோடு. பலகையில் வைத்தால் நுனியிலிருந்து பிடிவரை ஓரம் முழுக்கப் பலகையைத் தொடும். தோரணம் தொங்காததற்குக் காரணம் இதுதான். வளைந்த ஓரமுள்ள கத்தியில் ஒரு சமயத்தில் ஒரு இடம்தான் பலகையைத் தொடுகிறது, மற்ற இடமெல்லாம் அந்தரத்தில் நிற்கிறது.

கொஞ்சம் சொந்தக்காரர்களையும் தெரிந்துகொள்ளுங்கள், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். உசுபா என்று ஒன்று உண்டு, பார்க்க நகிரி மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டியிருக்கும். அது ஜப்பானில் தொழில்முறைச் சமையல்காரர்களின் கத்தி, பழக நாளாகும், வலக்கைக்கு ஒன்று இடக்கைக்கு ஒன்று என்று தனித்தனி. நகிரி இரண்டு பக்கமும் தீட்டியது, எந்தக் கைக்கும் ஒத்துவரும். சாண்டோகு என்பது நுனி வளைந்த பொதுவான கத்தி, காய், மீன், கறி மூன்றுக்கும். சீனர்களின் காய்க்கத்தி இன்னும் பெரியது, எட்டு இஞ்ச் நீளம், மூன்றரை இஞ்சுக்கு மேல் உயரம். நல்ல கத்திதான், நம் சின்ன மேடைக்கும் சின்னப் பலகைக்கும் கொஞ்சம் பெரிசு.

எங்கள் அம்மா முதல் தடவை பார்த்ததும் "என்னடா இது, கசாப்புக் கத்தியை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க" என்றார். பார்க்க அப்படித்தான் இருக்கும். கறிக்கடைக் கத்தி தடியாகவும் கனமாகவும் இருப்பது எலும்பை உடைக்க. நகிரி அதற்கு நேர் எதிர், மெலிசு. இந்த வித்தியாசத்தை வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டேன், அதன் கதை கீழே வருகிறது.

யாருக்கு வேண்டாம்

நேராகச் சொல்லிவிடுகிறேன். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிப் பழகியவர்கள், முதுகும் முழங்காலும் ஒத்துழைக்கிறவரை, அதை விட வேண்டிய அவசியமே இல்லை. அரிவாள்மனையில் இரண்டு கையும் காயைப் பிடிக்கின்றன, கத்தி அசையாமல் நிற்கிறது, நறுக்கியது நேராகப் பாத்திரத்தில் விழுகிறது, பலகையே வேண்டாம். நுனியில் தேங்காயும் துருவலாம். நகிரிக்கு ஒரு நல்ல பலகை, நின்று வேலை செய்ய மேடை, கழுவியவுடன் துடைக்கிற பழக்கம் மூன்றும் வேண்டும். மூன்றாவது இல்லாதவர்கள் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒரே கத்தியில் கோழியும் மீனும் காயும் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கும் இது சரிப்படாது.

வாங்கும்போது

முதல் முடிவு இரும்பு எது என்பது. இரண்டு வகை: துருப்பிடிக்கும் கார்பன் இரும்பு, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ். ஜப்பானியக் கத்திகளில் ஷிரோகாமி, அவோகாமி என்று பார்ப்பீர்கள். வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று அர்த்தம், ஆலையில் அந்த இரும்பைச் சுற்றி வைத்த தாளின் நிறத்தை வைத்து வந்த பெயர். இவை கார்பன் இரும்பு. வி.ஜி.10 என்று போட்டிருந்தால் அது ஸ்டெயின்லெஸ். கார்பன் இரும்பு சீக்கிரம் கூர் ஏறும், கல்லில் வைத்தாலே சந்தோஷமாக இருக்கும், ஆனால் எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது கறை படிந்திருக்கும். கடற்கரையை ஒட்டி, பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றே போதும், ஜன்னல் கம்பியைப் பார்த்தால் தெரியும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழைக்காலத்தில் தீப்பெட்டியே நமுத்துப்போகிற ஊர் இது. அதனால் என் அபிப்பிராயம்: முதல் நகிரி ஸ்டெயின்லெஸ். ஒரு வருஷம் பழகிய பிறகும் ஆசை இருந்தால் கார்பன் வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன், முதலிலேயே கார்பன் வாங்கி, முதல் மழைக்காலத்தில் படாத பாடு பட்டேன்.

கடினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராக்வெல் என்ற அளவில் ஜெர்மன் பாணிக் கத்திகள் 56, 58 என்று இருக்கும். ஜப்பானியவை பெரும்பாலும் 60க்கு மேல். எண் கூடக் கூடக் கூர் நாள்பட நிற்கும், ஆனால் ஓரம் மொரமொரப்பாகிவிடும், தப்பாகப் போட்டால் மென்மையான இரும்பு மடங்குகிற இடத்தில் இது உடைந்து சில்லாக விழும்.

அலகில் அலை அலையாகக் கோலம் போட்டு 'டமாஸ்கஸ்' என்று விற்பார்கள். நிஜமாகவே அடுக்கடுக்காக இரும்பை ஒட்டி அடித்தவையும் உண்டு, லேசரில் பொறித்த வெறும் படமும் உண்டு. எதுவாக இருந்தாலும் அந்தக் கோலத்தால் வெங்காயம் நன்றாக நறுக்குப்படப் போவதில்லை. கோலத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சாணைக்கல்லுக்குக் கொடுங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். ஓரத்தைக் கண்ணாடி மேஜையில் மெதுவாக நிறுத்தி, பின்னால் டியூப்லைட் வெளிச்சம் வருகிற மாதிரி குனிந்து பாருங்கள்: நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம், அந்த இடத்தில் தோரணம் நிச்சயம். நுனியில் லேசாகத் தூக்கியிருந்தால் பரவாயில்லை, அது வேண்டுமென்றே செய்வது. அப்புறம் முதுகை மேலிருந்து பாருங்கள், அலகு ஒரு பக்கமாக வளைந்திருக்கக் கூடாது. கடைசியாகப் பிடியும் அலகும் சேருகிற கழுத்தில் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், ஓரம் உங்கள் விரலில் இடித்தால் அந்தக் கத்தி வேண்டாம், தினமும் இடிக்கும்.

பாரிமுனைப் பக்கம் ஹோட்டல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். 'வெஜிடபிள் கிளீவர்' என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள், ஆனால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் சீனக் கத்தியாகவோ கறிக்கத்தியாகவோ இருக்கிறது. கடைசியில் இணையத்தில்தான் வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்; கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

பலகையும் மேடையும்

மரப்பலகை. வேப்பமரம் சென்னையில் தாராளமாகக் கிடைக்கிறது, நல்லது. புளியமரம் கறிக்கடைக்காரர்கள் பயன்படுத்துவது, அது வெட்டு தாங்கும், ஆனால் கனம், தூக்கிக் கழுவ ஆள் வேண்டும். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு மூன்றிலும் நகிரியை வைக்கவே கூடாது. தட்டின் மேல் வைத்துத் தக்காளி நறுக்குகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதுதான் நம் வீட்டுக் கத்திகளை மொக்கையாக்குகிற முதல் குற்றவாளி.

நகிரியின் நீளத்தைவிடப் பலகை தாராளமாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்காவது அகலம். அதன் அடியில் ஈரத்துணியைப் பிழிந்து விரியுங்கள், பலகை நகராது. இதைச் செய்யாமல் நறுக்கவே நறுக்காதீர்கள். வழுக்குகிற பலகையில் எவ்வளவு நல்ல கத்தி இருந்தும் பயனில்லை.

மேடை உயரமும் பார்க்க வேண்டும். பலகையில் கையை வைத்தால் முழங்கை லேசாக மடங்கி, தோள் தூக்காமல் இருக்க வேண்டும். தோள் ஏறினால் மேடை உங்களுக்கு உயரம். என் மனைவி காலுக்குக் கீழே ஒரு பழைய மணைப்பலகையைப் போட்டு நிற்கிறாள், அரிவாள்மனை யுகத்து மிச்சம் இந்த யுகத்திலும் வேலைக்கு வந்தது.

பிடிப்பது எப்படி

பெரும்பாலானவர்கள் கத்தியின் பிடியை முழுக் கையால் கரண்டி மாதிரி இறுக்கிப் பிடிக்கிறார்கள், ஆள்காட்டி விரலை முதுகின் மேல் நீட்டி வைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் கழுத்தை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கட்டும், மீதி மூன்று விரல் பிடியைச் சும்மா அணைத்திருக்கட்டும். முதல் நாள் வினோதமாக இருக்கும். மூன்றாம் நாள் பழைய மாதிரி பிடித்தால் கத்தி ஆடுவது உங்களுக்கே தெரியும்.

இடது கை: விரல் நுனிகளை உள்ளே மடக்கி, நகம் காயின் மேல் நிற்க, நடுவிரலின் கணு அலகின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரல் எல்லோருக்கும் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். நகிரியின் 5 செ.மீ. உயரத்துக்கு இங்கேதான் பயன். அலகு கணுவில் சாய்ந்துகொண்டே ஏறி இறங்கும், ஓரம் கணுவுக்கு மேலே போகாது. அப்படிப் போகிற அளவுக்குக் கத்தியைத் தூக்கினால் வெட்டு விழும், எனக்கு விழுந்தது, பாதி நகம் பீன்ஸோடு போனது. அன்றைக்கு உசிலி சாப்பிட மனசில்லை.

அசைவு

நகிரியை ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி நறுக்க முடியாது. வளைவே இல்லாத கத்தியை ஆட்டினால் நுனி பலகையில் குத்தும். நேராக மேலிருந்து கீழே குத்துவதும் சரியில்லை, தக்காளி நசுங்கும். கீழே இறக்கும்போதே இரண்டு மூன்று செ.மீ. முன்னால் தள்ளுங்கள், பலகையைத் தொட்டவுடன் நிறுத்துங்கள், தூக்கிப் பின்னால் கொண்டு வாருங்கள். சப்தத்தைக் கேளுங்கள்: 'டொக்' என்று பலகையை அடித்தால் பலம் அதிகம். 'சர்ரக்' என்று இழைகிற சப்தம் வர வேண்டும்.

பழகுவதற்கு வெள்ளரிக்காய் வாங்குங்கள். உருளாமல் இருக்க ஒரு பக்கம் மெல்லிசாகச் சீவி, அந்தப் பக்கம் கீழே இருக்க வைத்து, வட்டம் வட்டமாக. மெதுவாக. வீடியோக்களில் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு வெங்காயத்தை முடிக்கிறார்களே என்று வேகத்துக்குப் போகாதீர்கள். ஒரே கனத்தில் பத்து வட்டம் விழுந்தால் அந்த வாரத்துக்கு அது போதும்.

அடுத்தது பீன்ஸ். இரண்டு பக்கக் காம்பையும் வரிசையாக வைத்து ஒரே வெட்டில் எடுத்துவிட்டு, ஏழெட்டை ஒன்றாகச் சேர்த்து நறுக்குங்கள். கோஸ் அப்புறம்: நாலாகப் பிளந்து, நடுத்தண்டைச் சாய்வாக நீக்கி, வெட்டிய முகம் பலகையில் படிகிற மாதிரி வைத்துச் சீவ வேண்டும், இதில் நகிரி கொடுக்கிற இழை மாதிரி வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. கீரைக்கட்டு, அரைக்கீரையோ முளைக்கீரையோ, கழுவி உதறி, கையால் இறுக்கிச் சுருட்டிப் பிடித்தால் இரண்டு நிமிஷ வேலை. நறுக்கியதை அலகின் பக்கவாட்டிலேயே வாரி வாணலியில் போடலாம், அகலமான கத்தியின் இன்னொரு லாபம். வாரும்போது மட்டும் கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். ஓரத்தால் பலகையைச் சுரண்டினால் கூர் மடங்கிவிடும்.

பெரிய வெங்காயத்தில் வேர்ப்பக்கத்தை வெட்டாமல் விட்டு, பாதியாகப் பிளந்து, நீளவாக்கில் கீறி, அப்புறம் குறுக்கே. நல்ல கூர் இருந்தால் கண்ணீர் குறையும். வெங்காயத்தின் செல்கள் நசுங்கும்போதுதான் அந்தக் கந்தக வாயு கிளம்புகிறது, மொக்கைக் கத்தி நசுக்குகிறது, கூரான கத்தி அறுத்துவிட்டுப் போகிறது. சின்ன வெங்காயம் உரிக்க நகிரி எதற்கும் உதவாது, அதற்குச் சின்னக் கத்தியும் பொறுமையும்தான். உருளைக்கிழங்கும் கத்திரிக்காயும் அலகில் ஒட்டிக்கொண்டு ஏறும், தட்டையான அகலக் கத்தியின் குறை இது. அலகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

வாழைத்தண்டுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். மயிலாப்பூர் மாடவீதியில் நறுக்கிய வாழைத்தண்டைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள், அவசரத்துக்கு வாங்கலாம். ஆனால் முழுத்தண்டை வாங்கி நகிரியில் காசு கனத்துக்கு வட்டம் வட்டமாகச் சீவும்போது, ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையே சிலந்தி நூல் மாதிரி நார் இழுக்கும் பாருங்கள், அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும், ஒரு தண்டு முடியும்போது விரலில் வெள்ளை மோதிரம் ஏறியிருக்கும். அப்புறம் நாலைந்து வட்டத்தை அடுக்கி, குச்சி குச்சியாக, பிறகு பொடியாக. நேராக மோர்த் தண்ணீரில் போடுங்கள். வாழைப்பூவில் கள்ளன் எடுப்பதற்கு இந்தக் கத்தி உதவாது, அது கை வேலை. எடுத்தபிறகு நறுக்க உதவும்.

வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு மூன்றிலும் உள்ள துவர்ப்பு கார்பன் இரும்பைத் தொட்டால் கருத்துப் போகும், காயும் கத்தியும் இரண்டுமே. பாட்டி காலத்து இரும்பு அரிவாள்மனையிலும் இதே கதைதான். விஷம் இல்லை, பயப்படாதீர்கள், ஆனால் பொரியல் பார்க்க நன்றாக இருக்காது. ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

செய்யக் கூடாதவை, ஒரு தேங்காய்க் கதையோடு

ஒரு பொங்கலுக்கு ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தேங்காய் உடைக்க அரிவாள் எங்கே என்று தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை, மேடையில் 'நல்ல தடிமனான வெட்டுக்கத்தி' இருப்பதைப் பார்த்திருக்கிறார். தேங்காய் உடைந்தது. கத்தியின் ஓரத்தில் நடுவே கடுகு அளவில் ஒன்று, மிளகு அளவில் ஒன்று என்று இரண்டு பிறைச்சந்திரன். "என்னப்பா, ஜப்பான் கத்தின்ன, தேங்காய்க்கே தாங்கல" என்றார். அவரிடம் என்ன சொல்வது? தப்பு என்னுடையது, மேடையிலேயே வைத்துவிட்டுப் போனது.

தேங்காய், எலும்பு, மீன் தலை, ஃப்ரீசரில் கட்டியான எதுவும், பனங்கிழங்கின் நார், பலாக்கொட்டை, இவற்றுக்கு நகிரி இல்லை. பரங்கிக்காயும் சேனைக்கிழங்கும் இரண்டுங்கெட்டான்: முதலில் கனமான கத்தியால் பத்தை போட்டுவிட்டு, பிறகு நகிரியில் நறுக்கலாம். கத்தி காயில் பாதியில் மாட்டிக்கொண்டால் இடது வலது ஆட்டி எடுக்காதீர்கள், அப்படித்தான் ஓரம் சில்லாகும். வந்த வழியே நேராக மேலே எடுங்கள்.

கழுவுவதும் துடைப்பதும்

வேலை முடிந்தவுடன் கழுவி, முதுகுப்பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்து, ஐந்து நிமிஷம் காற்றில் வைத்துவிட்டு எடுத்து வைக்க வேண்டும். சிங்க்கில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா பாத்திரக் குவியலுக்குள் கை விடும்போது அடியில் இந்தக் கத்தி கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நகிரியை நறுக்கியவர்தான் கழுவ வேண்டும், அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் விலக்கு இல்லை. கம்பி நார் வேண்டாம், பாத்திரம் கழுவும் மெஷினில் போடவே வேண்டாம்.

கார்பன் கத்தியாக இருந்தால் நறுக்குகிற போதே பக்கத்தில் ஒரு காய்ந்த துணி இருக்கட்டும். தக்காளி, எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் இவற்றுக்குப் பிறகு ஒரு துடைப்பு. கொஞ்ச நாளில் அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அது துரு இல்லை, அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அந்தப் படலமே துருவைத் தடுக்கும். செம்மண் நிறத்தில் விரலில் ஒட்டினால்தான் துரு. அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்து, தக்கையால் தேய்த்தால் போய்விடும். வெளியூர் போகும்போதும் மழை மாதங்களிலும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.

சாணை

எவ்வளவு விலை கொடுத்தாலும், தினமும் நறுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் கூர் இறங்கும். தக்காளித் தோலில் வழுக்கினால் நேரம் வந்துவிட்டது.

சைக்கிளில் 'கத்தி சாணை' என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் மற்றக் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். நகிரியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றுகிற காய்ந்த கல்லில் தீப்பொறி பறக்க வைத்தால் மெலிசான ஓரம் சூடேறி, இரும்பின் பதம் போய்விடும். ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தால் பதம் போனதற்கு அடையாளம். போன பதத்தைச் சாணையால் திரும்பக் கொண்டு வர முடியாது.

வாங்க வேண்டியது 1000 என்று எண் போட்ட தண்ணீர்ச் சாணைக்கல் ஒன்று. எண் கூடினால் நைஸ். 3000க்கு மேற்பட்ட இரண்டாவது கல் இருந்தால் இன்னும் அழகு, கட்டாயமில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரட்டைப்பக்கக் கார்போரண்டம் கல் மலிவு. 1954ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நம்மூர் முருகப்பா குழுமத்தின் கம்பெனிதான் என்பதால் சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். ஆனால் அந்தக் கல் சொரசொரப்பு. சித்தப்பா போட்ட பிறைச்சந்திரனை நான் எடுத்தது அதில்தான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வழக்கமான சாணைக்கு 1000தான் சரி.

கல்லைத் தண்ணீரில் போடுங்கள், குமிழி நிற்கும்வரை, பத்து நிமிஷம். (ஊற வைக்கக் கூடாத கல்லும் உண்டு, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், படியுங்கள்.) ஈரத்துணி விரித்து அதன் மேல் கல். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மட்டும் சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்குங்கள், 5 செ.மீ. உயர அலகுக்கு அது சுமார் 15 டிகிரி வரும். இந்தக் கோணம் மாறாமல் இருப்பதுதான் முழு வித்தையும். இடது கையின் இரண்டு விரலை ஓரத்துக்குச் சற்று மேலே அலகில் வைத்து அழுத்தி, முன்னால் தள்ளி, பின்னால் இழுங்கள். விரல் இருக்கிற இடம்தான் தீட்டப்படுகிறது, அதனால் நுனி, நடு, அடி என்று விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கருப்பாகச் சேறு வரும், கழுவிவிடாதீர்கள், அதுவும் வேலை செய்கிறது. காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

ஒரு பக்கம் எப்போது போதும்? மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி, வெளிப்பக்கமாக, மெதுவாகத் தடவிப் பாருங்கள். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று ஒரு பிசிறு ஓரம் முழுக்கத் தட்டுப்பட வேண்டும். நடுவில் இருக்கிறது, நுனியில் இல்லை என்றால் நுனி இன்னும் தீட்டுப்படவில்லை என்று அர்த்தம். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், பிசிறு வருவதற்கு முன்பே திருப்பிவிட்டு, ஒரு மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்று கல்லைக் குறை சொல்கிறார்கள். முழுக்க வந்தபிறகு திருப்பி அதே மாதிரி மறுபக்கம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு நாலு இழுப்பு, மாற்றி மாற்றி, பிசிறு உதிரும்வரை. நியூஸ்பேப்பரைத் தொங்கவிட்டு ஓரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், கிழியாமல் அறுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கல் நாளாக நாளாக நடுவில் குழியும். குழிந்த கல்லில் தீட்டினால் நகிரியின் நேர்கோடு கொஞ்சம் கொஞ்சமாக வளையும், அப்புறம் பீன்ஸ் தோரணம் திரும்பி வந்துவிடும். எனக்கு வந்தது, கத்தியில் என்னவோ கோளாறு என்று ஒரு மாதம் குழம்பினேன். நாலைந்து தடவை தீட்டியபிறகு கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சமமான டைல்ஸில் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பென்சில் கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் கல் சமம்.

வைக்கும் இடம்: டிராயரில் கரண்டிகளோடு உருள விடாதீர்கள். அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், தாளிப்பு ஆவி படியும். சுவரில் காந்தப்பட்டை அடித்துக்கொள்ளலாம், அல்லது பழைய காலண்டர் அட்டையை மடித்து, டேப் ஒட்டி, உறை செய்துகொள்ளலாம். என்னுடையது காலண்டர் அட்டை உறையில், மேல் அலமாரியில் இருக்கிறது. உறை மேல் அம்மா பேனாவால் 'தேங்காய்க்கு அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறார், சித்தப்பா அடுத்த பொங்கலுக்கும் வருகிறாராம்.